மலைக்குக் கிழக்கே இருக்கும் கேப் டவுன்

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரத்துக்கு 2014ஆம் ஆண்டு இரு வேறு வகைகளில் முக்கியமானது. அவ்வாண்டு 'உலக வடிவமைப்புத் தலைநகர்' என்ற பட்டம் அந்நகரத்துக்குக் கிடைத்தது. நியூயார்க் டைம்ஸ் நாளிதழ், சென்று பார்க்க வேண்டிய 52 இடங்களின் பட்டியலில் அதற்கு முதலிடம் தந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், அந்நகரத்தின் தென்கிழக்கு ஓரத்திலுள்ள கயலிட்ஷா என்னும் குடியிருப்பில் காவல்துறை ஏன் தோற்றுப்போனது என்று ஆராய்ந்த விசாரணை ஆணையம் தன் அறிக்கையை வெளியிட்டது. திருடன் என்று ஐயப்பட்டவர்களைத் தெருவில் கூடிய மக்களே அடித்தும் எரித்தும் கொன்ற நிகழ்வுகள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்ததும், காவல் நிலையத்துக்குப் போவதால் பயனில்லை என்ற எண்ணம் அம்மக்களிடம் ஊறிப்போயிருந்ததும்தான் அந்த ஆணையம் அமைக்கப்படக் காரணம்.

கேப் டவுனைப் பற்றி எழுதுவோரில் பலர் இந்தப் புகழையும் இந்த வன்முறையையும் ஒரு நாணயத்தின் இரு பக்கங்கள் என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். அப்படிச் சொல்வது போதாது. மலையடிவாரத்தின் அமைதியும் மணல்வெளியின் துப்பாக்கிச் சூடும் தற்செயலாக அருகருகே அமைந்தவை அல்ல. யாரை எங்கே குடியமர்த்துவது, எந்தத் தெருவுக்கு எத்தனை காவலர், எந்த நிலத்தை யாருக்கு எந்த வாடகைக்கு விடுவது என்று அரசு எடுத்த முடிவுகளே இரண்டையும் உண்டாக்கின, அவற்றில் சில இன்றும் எடுக்கப்பட்டுவருகின்றன.

நகரத்தின் நிலவமைப்பை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். உச்சி தட்டையாக இருப்பதால் மேசை மலை எனப்படும் மலை, ஏறத்தாழ 1,085 மீட்டர் உயரத்தில் நகரத்தின் நடுவே நிற்கிறது. அதன் மேற்குச் சரிவில், அட்லாண்டிக் கடலைப் பார்த்தபடி, சீ பாயிண்ட், கிளிஃப்டன், கேம்ப்ஸ் பே ஆகிய செல்வர் பகுதிகள் உள்ளன. வடக்கே பழைய துறைமுகத்தைப் புதுப்பித்துக் கட்டிய வாட்டர்ஃபிரண்ட் என்னும் அங்காடி வளாகம் இருக்கிறது. கிழக்கே விரிவது கேப் பிளாட்ஸ்: கோடையில் காற்று மணலை வாரி இறைக்கும், குளிர்கால மழையில் தண்ணீர் தேங்கும், நிழலுக்கு மரம் அரிதான சமவெளி. விமான நிலையமே இச்சமவெளியில்தான் அமைந்திருக்கிறது என்பதால், மலையைப் பார்க்க வரும் ஒவ்வொரு பயணியும் என்-2 நெடுஞ்சாலையில் தகரக் குடிசைகளை ஒட்டியே நகரத்துக்குள் நுழைகிறார்.

இந்தச் சமவெளியில் இவ்வளவு மக்கள் தாமாக வந்து குடியேறவில்லை. 1948இல் ஆட்சிக்கு வந்த தேசியக் கட்சி, மக்களை இனவாரியாகப் பிரித்து ஆளும் இனஒதுக்கல் கொள்கையைச் சட்டமாக்கியது. 1950இல் வந்த மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் ஒவ்வொருவரையும் வெள்ளையர், கறுப்பர், 'கலர்டு' என்று வகைப்படுத்தியது. (பழங்குடியான கோய் மக்கள், டச்சுக்காரர்கள் கொண்டுவந்த அடிமைகள், ஐரோப்பியர் ஆகியோரின் வழிவந்த கலப்பின மக்களைக் குறிக்க அந்தச் சட்டம் பயன்படுத்திய சொல் கலர்டு என்பது, இன்றும் அம்மக்களுள் பலர் அதையே தம் பெயராகக் கொண்டுள்ளனர்.) அதே ஆண்டின் இனவாரிக் குடியிருப்புச் சட்டம், எந்த இனம் எந்தத் தெருவில் வசிக்கலாம் என்று வரையறுத்தது. தமிழ் வாசகர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இங்கே உண்டு. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கேப் குடியேற்றத்துக்குக் கொண்டுபோன அடிமைகளுள், அக்கம்பெனியின் கோட்டைகள் இருந்த பழவேற்காடு, நாகப்பட்டினம் முதலிய சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேற்றப்பட்டவர்களும் இருந்தனர். 1830களில் அடிமை முறை ஒழிந்த பிறகு விடுதலை பெற்றவர்களும் தொழிலாளரும் வணிகரும் புலம்பெயர்ந்து வந்தோரும் கலந்து வாழ்ந்த பகுதிதான், பின்னாளில் இடிக்கப்பட்ட டிஸ்டிரிக்ட் சிக்ஸ் என்னும் ஆறாம் வட்டாரம்.

1966 பிப்ரவரி 11 அன்று ஆறாம் வட்டாரம் வெள்ளையருக்கு உரிய பகுதி என்று அறிவிக்கப்பட்டது. அங்கே நெரிசலும் குற்றமும் மிகுந்துவிட்டன என்று அரசு காரணம் கூறியது. நகர மையத்தை ஒட்டிய மலையடிவார நிலம் அது என்பதே உண்மையான காரணம். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் ஏறத்தாழ 60,000 பேர் வெளியேற்றப்பட்டனர், பள்ளிவாசல், தேவாலயம் போன்ற சிலவற்றைத் தவிர ஏனைய கட்டடங்கள் தரைமட்டமாக்கப்பட்டன. வெளியேற்றப்பட்டவர்கள் மேனன்பெர்க், போன்டெஹீவல், ஹனோவர் பார்க், லாவெண்டர் ஹில், பின்னர் மிட்சல்ஸ் பிளெய்ன் என்று சமவெளியெங்கும் சிதறினர். ஆறாம் வட்டாரத்தின் கடைத்தெருவான ஹனோவர் தெருவின் பெயர் ஒரு புதிய குடியிருப்புக்குச் சூட்டப்பட்டது. அத்தெருவில் வாழ்ந்தவர்களோ ஒரே இடத்தில் குடியமர்த்தப்படவில்லை.

குற்றவியல் ஆய்வாளர் டான் பின்னாக் 1980களிலிருந்து எழுதிவந்த நூல்களில் அழுத்திக் கூறும் செய்தி இந்தச் சிதறலைப் பற்றியதே. பழைய வட்டாரத்தில் பாட்டி, அத்தை, மாமன் என்று ஒரே வாசலில் வாழ்ந்த கூட்டுக் குடும்பங்கள் இருந்தன. கடன் தரும் மூலைக்கடையும், யார் வீட்டுப் பிள்ளை எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்லும் அண்டைவீட்டாரும் இருந்தனர். அங்கேயும் சண்டியர் கூட்டங்கள் இருந்தன என்றாலும், அவற்றின் எல்லையைத் தெருவே வகுத்தது. வீட்டு வசதித் துறை கணவன், மனைவி, பிள்ளைகள் என்ற அலகை மட்டுமே குடும்பமாகக் கணக்கிட்டு, ஒருவரை ஒருவர் அறியாதவர்களை மூன்றடுக்கு அடுக்ககங்களில் நிரப்பியபோது அந்தக் கண்காணிப்பு அறுந்துபோனது. வேலை இருந்த நகரம் தொலைவில் போனதால் பெற்றோர் விடியுமுன் புறப்பட்டு இருட்டிய பின்பே திரும்பினர். நாள் முழுவதும் தனித்து விடப்பட்ட இளைஞர்கள், முன்பின் அறியாத பக்கத்துத் தெருவிடமிருந்து தம்மைக் காத்துக்கொள்ளக் கூட்டம் சேர்ந்தார்கள். அமெரிக்கன்ஸ், ஹார்ட் லிவிங்ஸ், மாங்கிரல்ஸ் என்று இன்று செய்திகளில் அடிபடும் கும்பல்கள் சமவெளியில் வேர்விட்டு வளர்ந்த பின்னணி இதுவே. இவற்றை 'கலர்டு' மக்களின் இயல்போடு முடிச்சுப் போடும் பேச்சு தென்னாப்பிரிக்காவில் இன்னும் ஓயவில்லை; அந்தப் பேச்சு, அரசு செய்த குற்றத்தை அதற்கு ஆளானவர்களின் தலையில் கட்டுகிறது.

தெருக் கும்பல்களுக்கு அப்பால் சிறைக் கும்பல்கள் உள்ளன. 'எண்கள்' என்று மக்கள் சொல்லும் 26, 27, 28 ஆகிய மூன்று அமைப்புகளும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜோகன்னஸ்பர்க் சுரங்கப் பகுதியில் கொள்ளைக் கூட்டத்தை நடத்திய நொங்கொலோசா என்பவரைத் தம் மூலவராகக் கொண்டாடுபவை. படைப் பதவிகள், கற்பனைச் சீருடை, மனப்பாடமாகச் சொல்ல வேண்டிய தோற்றக் கதை ஆகியவற்றைக் கொண்டவை. 1990களில் நாட்டின் எல்லைகள் திறந்து போதைப்பொருள் வணிகம் பெருகியபோது, சிறைக்குள் இருந்த எண்களும் வெளியே இருந்த கும்பல்களும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. மாண்டிராக்ஸ் என்னும் மயக்க மாத்திரையின் இடத்தை 2000க்குப் பின் 'டிக்' என்று தெருவில் சொல்லப்படும் மெத்தாம்பெட்டமின் பெருமளவு பிடித்துக்கொண்டது.

இந்த வணிகத்தின் ஒரு கிளை, பயணிகள் படமெடுக்கும் அதே கடலுக்குள் ஓடுகிறது. பெர்லமூன் என்று உள்ளூரில் அழைக்கப்படும் அபலோன் ஒருவகைக் கடல் நத்தை. ஹாங்காங் வழியாகக் கிழக்காசியச் சந்தைக்குப் போகும் அதன் உலர்ந்த சதைக்குப் பெருவிலை உண்டு. வாங்கும் சீனக் கும்பல்கள், பணத்துக்குப் பதிலாக மெத்தாம்பெட்டமின் தயாரிக்க வேண்டிய மூலப்பொருளைக் கொடுத்துப் பண்டமாற்று செய்த செய்தி பல விசாரணைகளில் பதிவாகியிருக்கிறது. முக்குளித்து நத்தையைப் பறிப்பவர்களுள் பலர் ஹவுட் பே துறைமுகத்துக்கு மேலுள்ள ஹாங்பெர்க் போன்ற மீனவக் குடியிருப்புகளைச் சேர்ந்தவர்கள். 1998ஆம் ஆண்டின் கடல்வளச் சட்டத்துக்குப் பின் பிடி உரிமைகள் பங்கிடப்பட்டபோது, தலைமுறைகளாகக் கடலில் வாழ்ந்த சிறு மீனவர்களில் ஆயிரக்கணக்கானோர் விடுபட்டனர். அவர்கள் தொடுத்த வழக்கில் 2007இல் இடைக்கால நிவாரணம் வழங்க ஆணை பிறந்தது, சிறு மீனவருக்கான கொள்கை 2012இல்தான் வந்தது. அதற்குள் ஒரு தலைமுறை, உரிமம் இல்லாமல் இரவில் கடலில் இறங்கப் பழகிவிட்டது. கரையோரத்தில் கடல் நத்தை அருகிவருவது பெரும் இழப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் உரிமையைப் பறித்துவிட்டு, பின் அந்த மீனவரைக் கொள்ளையர் என்று மட்டும் அழைப்பது நியாயமாகாது.

கொலைகளின் அளவைச் சொல்லாமல் இப்பேச்சு முழுமை பெறாது. 2017-18 ஆண்டில் கேப் பிளாட்ஸின் நியாங்கா என்ற ஒரே காவல் நிலைய எல்லைக்குள் 308 பேர் கொல்லப்பட்டனர். இந்தியா முழுமைக்கும் லட்சம் பேருக்கு ஆண்டுக்கு மூன்றுக்கும் குறைவான கொலைகள் நிகழும்போது, கேப் டவுனில் அவ்விகிதம் அறுபதை ஒட்டியும் அதற்கு மேலுமாக இருந்துவருகிறது. அறுபது என்பதும் சராசரிதான்; மலைக்கு மேற்கே ஓராண்டு முழுவதும் ஒன்றிரண்டு கொலைகளே பதிவாகும் காவல் நிலைய எல்லைகள் உள்ளன. 2013 ஆகஸ்டில் மேனன்பெர்க்கில் கும்பல் சண்டை முற்றியபோது 16 பள்ளிகள் மூடப்பட்டன. கேப் பிளாட்ஸின் சில பகுதிகள், காவலர் துணையின்றி ஆம்புலன்ஸ் நுழைய முடியாத சிவப்பு வட்டாரங்களாக அறிவிக்கப்பட்டுள்ளன; காவல் வாகனம் வந்து சேரும் வரை பிரசவ வலியில் இருப்பவரும் மாரடைப்பு வந்தவரும் காத்திருக்க வேண்டும்.

இத்தனைக்கும் நடுவில் காவலர்கள் எங்கே இருந்தார்கள் என்ற கேள்விக்கு விடை தேடியதுதான் கயலிட்ஷா ஆணையத்தின் பெரும் பணி. முன்னாள் அரசமைப்பு நீதிமன்ற நீதிபதி கேட் ஓ'ரீகன், முன்னாள் தலைமை அரசு வழக்குரைஞர் வூசி பிகோலி ஆகிய இருவரை உறுப்பினராகக் கொண்டு, மாகாண முதல்வர் ஹெலன் ஜில்லே 2012இல் அதை அமைத்தார். காவல்துறை நடுவண் அரசின் கீழ் வருவது. மாகாணம் எதிர்க்கட்சியின் கையில் இருந்தது. எனவே காவல்துறை அமைச்சர் ஆணையத்தைத் தடுக்க அரசமைப்பு நீதிமன்றம் வரை சென்று, 2013 அக்டோபரில் தோற்றார். ஆணையம் கண்டவற்றுள் ஒன்று மற்ற எல்லாவற்றையும்விட ஆழமானது: வன்முறை மிகுந்த, ஏழைக் கறுப்பின மக்கள் வாழும் காவல் நிலைய எல்லைகளில்தான் மக்கள்தொகைக்கேற்ற காவலர் எண்ணிக்கை மாகாணத்திலேயே மிகக் குறைவாக இருந்தது. கயலிட்ஷாவின் ஹராரே காவல் நிலையம் அவற்றுள் கடைக்கோடியில் இருந்தது.

இது எவ்வாறு நிகழ்ந்தது என்பதை விளக்குவது அவசியம். காவலர் ஒதுக்கீடு ஒரு கணக்கு முறைப்படி நடந்தது, அந்தக் கணக்கில் பதிவான குற்றங்களுக்குப் பெரும் எடை தரப்பட்டது. காவலர் மீது நம்பிக்கை இல்லாதவர் புகார் கொடுப்பதில்லை. புகார் இல்லாத இடத்தில் குற்றம் குறைவாகத் தெரிகிறது. குற்றம் குறைவாகத் தெரியும் இடத்துக்குக் காவலர் குறைவாகவே அனுப்பப்படுகிறார். காவலர் குறைவதால் நம்பிக்கை இன்னும் தேய்கிறது. காப்பீட்டுத் தொகை பெறுவதற்காகக் கைபேசித் திருட்டைக்கூடப் பதிவுசெய்யும் செல்வர் பகுதி அந்தக் கணக்கில் தேவை மிகுந்த இடமாகத் தோன்றுகிறது. தீய நோக்கம் கொண்ட ஓர் அதிகாரிகூட இல்லாமல், ஒரு கணக்குத் தாள் மட்டுமே இனஒதுக்கலைத் தொடர்ந்து நடத்த முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. சமூக நீதிக் கூட்டணி உள்ளிட்ட அமைப்புகள் தொடுத்த வழக்கில், இந்த ஒதுக்கீடு இனத்தின் அடிப்படையிலும் வறுமையின் அடிப்படையிலும் பாகுபாடு காட்டுகிறது என்று 2018 டிசம்பரில் சமத்துவ நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பணம் உள்ளவர்கள் அரசுக் காவலரையும் நம்பி இருக்கவில்லை. நகர மையத்தில் 2000ஆம் ஆண்டு முதல் மேம்பாட்டு வட்டாரம் என்ற ஏற்பாடு இயங்குகிறது. சொத்து உரிமையாளர்கள் கூடுதல் வரி செலுத்த, அத்தொகையில் துப்புரவுக்கும் ரோந்துக்கும் தனிப் பணியாளர் அமர்த்தப்படுகின்றனர். பயணி காணும் பாதுகாப்பான தெரு இவ்வாறு விலைக்கு வாங்கப்பட்டது. அங்கும் நிழல் இல்லாமல் இல்லை: இரவு விடுதிகளின் வாயிற்காவல் ஒப்பந்தங்களைக் கைப்பற்ற நடந்த கும்பல் போட்டி, மையத்திலேயே துப்பாக்கிச் சூடுகளாக வெடித்திருக்கிறது. கயலிட்ஷாவிலோ சிறு கடைக்காரர்களிடமும் வீட்டிலேயே குழந்தைக் காப்பகம் நடத்தும் பெண்களிடமும் 'பாதுகாப்புக் கட்டணம்' பறிக்கும் வழக்கம் 2020க்குப் பின் பரவியது.

துப்பாக்கிகள் வந்த வழி, இதுவரை சொன்ன எல்லாவற்றையும்விட மனத்தை உறுத்துவது. அழிப்பதற்காகக் காவல்துறையிடம் ஒப்படைக்கப்பட்டிருந்த 2,000க்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை, கிறிஸ்டியான் பிரின்ஸ்லூ என்ற காவல்துறைக் கர்னல் இடைத்தரகர் மூலம் கேப் டவுன் கும்பல்களுக்கு விற்றார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கொலைகளோடு அந்த ஆயுதங்கள் தொடர்புபடுத்தப்பட்டன. 2016இல் அவருக்கு 18 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. அந்த விசாரணையை நடத்திய மூத்த அதிகாரிகள் அதே ஆண்டில் பதவி மாற்றப்பட்டனர், அந்த மாற்றம் முறையற்றது என்று தொழிலாளர் நீதிமன்றம் பின்னர் கூறியது. துப்பாக்கி உரிம மோசடியில் காவலருக்கும் கும்பலுக்கும் உள்ள உறவை ஆராய்ந்துவந்த துப்பறியும் அதிகாரி சார்ல் கின்னியர், தரப்பட்டிருந்த பாதுகாப்பு விலக்கப்பட்ட நிலையில், 2020 செப்டம்பர் 18 அன்று பிஷப் லேவிஸில் தம் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். காவலர் குறைவாக இருப்பது ஒரு துன்பம்; இருக்கும் காவலரிடமிருந்தே தோட்டா வருகிறது என்று அறிந்த மக்கள், குற்றத்தைப் பற்றி யாரிடம் வாய்திறப்பார்கள்?

இந்த வெறுமையை நிரப்ப மக்களே எழுந்த வரலாறும் உண்டு, அது கசப்பானது. 1996 ஆகஸ்ட் 4 அன்று, போதைக்கும் கும்பலுக்கும் எதிரான மக்கள் இயக்கமாகத் தொடங்கிய பகாட் அமைப்பின் கூட்டம், ஹார்ட் லிவிங்ஸ் தலைவர்களுள் ஒருவரான ரஷாத் ஸ்டாகியைச் சால்ட் ரிவரில் சுட்டு எரித்தது. ஓரிரு ஆண்டுகளில் அந்த இயக்கம் குண்டுவெடிப்புகளோடு சேர்த்துப் பேசப்படும் நிலைக்குச் சென்றது. ரஷாதின் இரட்டைச் சகோதரர் ரஷீத் 2019 டிசம்பரில் அதே தெருவில் சுடப்பட்டு இறந்தார். அந்த ஆண்டு ஜூலையில் அரசு இராணுவத்தைக் கேப் பிளாட்ஸுக்கு அனுப்பியது. 2020 மார்ச் வரை கவச வண்டிகள் தெருக்களில் நின்றன. இராணுவத்தை வரவேற்ற தாய்மார்களைக் குறை சொல்ல எவருக்கும் தகுதியில்லை, பிள்ளைகள் சில இரவாவது உறங்கட்டும் என்றே அவர்கள் வேண்டினர். ஆனால் சிப்பாய் குற்றத்தைத் துப்பறிய மாட்டார், சாட்சியைக் காக்க மாட்டார், வேலை தரமாட்டார்.

பயன் தந்தவை பெரும்பாலும் சிறியவையும் விளம்பரமற்றவையுமே. கயலிட்ஷாவின் ஹராரே பகுதியில் 2000களின் நடுவில் ஜெர்மன் நிதியுதவியோடு தொடங்கிய நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம், ரயில் நிலையத்துக்குப் போகும் நடைபாதையை அகலப்படுத்தி, விளக்கிட்டு, வழிநெடுகிலும் ஆள் இருக்கும் சிறு கட்டடங்களை எழுப்பியது. கழிப்பறை பற்றிய கணக்கு அதைவிடச் சிந்திக்க வைப்பது. குடிசைப் பகுதிகளில் பொதுக் கழிப்பறைக்கு இருட்டில் நெடுந்தொலைவு நடக்கும் பெண்கள் தாக்கப்படுகிறார்கள் என்பதைக் கருத்தில் கொண்டு, யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில், கயலிட்ஷாவின் கழிப்பறைகளை ஏறத்தாழ 5,600இலிருந்து 11,300 ஆக உயர்த்தினால் அந்நடைவழிப் பாலியல் தாக்குதல்கள் சுமார் 30 விழுக்காடு குறையும் என்று மதிப்பிட்டனர். கூடுதல் செலவைவிடத் தாக்குதல்களால் சமூகத்துக்கு ஏற்படும் இழப்பே பெரிது என்றும் அவர்கள் காட்டினர்.

எல்லாம் கடைசியில் நிலத்திடமே வந்து நிற்கிறது. ஆறாம் வட்டாரத்து மக்களுக்கு நிலத்தைத் திருப்பித் தர 1994இல் சட்டம் வந்த பின் இருபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் அங்கே கட்டி ஒப்படைக்கப்பட்ட வீடுகள் 139 மட்டுமே. உரிமை கோரியவர்களில் பலர் காத்திருந்தே இறந்துபோனார்கள். நகராட்சிக்குச் சொந்தமான ரோண்டெபோஷ் கோல்ஃப் மைதானமோ, ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 ராண்ட் என்னும் பெயரளவு வாடகைக்கு ஒரு மன்றத்திடம் விடப்பட்டிருந்தது. மையத்தை ஒட்டிய உட்ஸ்டாக் பகுதியின் புரோம்வெல் தெருவில், வெளியேற்ற ஆணை பெற்ற தொழிலாளர் குடும்பங்களுக்கு நகரத்தின் ஓரத்தில்தான் தற்காலிக வீடு தர முடியும் என்று நகராட்சி சொன்னபோது, அக்குடும்பங்கள் எட்டு ஆண்டுகளாக வழக்காடின. மையப் பகுதியை மட்டும் அவசரக் குடியிருப்பிலிருந்து விலக்கிவைக்கும் அந்த நடைமுறை அரசமைப்புக்கு முரணானது என்றும், அவர்கள் வாழ்ந்த பகுதிக்கு அருகிலேயே இடம் தர வேண்டும் என்றும் 2024 டிசம்பரில் அரசமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் புல்டோசர் செய்த வேலையை இப்போது வாடகை உயர்வு செய்கிறது என்பதை உட்ஸ்டாக்கிலும் சால்ட் ரிவரிலும் வாழும் மக்கள் நன்கு அறிவார்கள். வெளியேற்றக் கடிதம் கிடைத்த குடும்பம் முதலில் கேட்பது, அடுத்த வீடு எந்தக் கும்பலின் எல்லைக்குள் அமையும் என்பதைத்தான்.